சிறு நிறுவன இண்டெக்ஸ் ஃபண்ட்: கட்டணத்தையும் ஆபத்தையும் கணக்குப் பார்த்து இறங்குவது எப்படி

தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள இராமநாதபுரம் கடற்கரையில் சேமிப்பு என்றால் நகை, சீட்டு, மனை என்று இருந்த நிலை மெல்ல மாறிவருகிறது. வளைகுடாவிலிருந்து கீழக்கரைக்கு வரும் பணமும், மண்டபத்தில் நண்டை எடைபோட்டு வாங்கிய பணமும், மாசி பங்குனியில் முண்டு மிளகாய் விற்ற பணமும் இப்போது கைப்பேசி வழியாகவே மியூச்சுவல் ஃபண்டுக்குள் போகின்றன. அவற்றில் சிறு நிறுவனங்களின் குறியீட்டை, அதாவது குறிப்பிட்ட பங்குகளின் பட்டியலை, அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகளைப் பற்றி விசாரிப்பவர்கள், பெரும்பாலும் “எவ்வளவு வரும்?” என்றுதான் தொடங்குகிறார்கள். ஆண்டுதோறும் எவ்வளவு கழியும், பணம் எப்போது தேவைப்படும் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. முதலாவதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதுதான் இந்தக் கரையில் சிக்கலானது. எனவே இக்கட்டுரையில் அதற்கே அதிக இடம் தரப்படுகிறது.

எதை வாங்குகிறோம்?

2017-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வகுத்த முறைப்படி, சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் பெரியவை, 101 முதல் 250 வரை நடுத்தரமானவை, 251 முதல் எல்லாமே சிறியவை. சிறியவை என்றதும் தெருமுனைப் பட்டறையை நினைத்துவிடக் கூடாது. இவற்றில் பலவற்றின் சந்தை மதிப்பு பல ஆயிரம் கோடி ரூபாய். தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி ஸ்மால்கேப் 250 குறியீடு, நிஃப்டி 500 பட்டியலில் 251-வது முதல் 500-வது வரையுள்ள நிறுவனங்களைக் கொண்டது. அதற்கும் கீழேயுள்ள 250 நிறுவனங்களுக்கு மைக்ரோகேப் 250 என்று தனிக் குறியீடு உண்டு. ஸ்மால்கேப் 50, ஸ்மால்கேப் 100 ஆகியவை அந்த 250-க்குள் அதிகம் கைமாறும் பங்குகளிலிருந்து பொறுக்கப்பட்டவை. லாபத் தரம், விலை வேகம் போன்ற அளவுகோல்களால் வடிகட்டிய குறியீடுகளும் இருக்கின்றன. எல்லாவற்றின் பெயரிலும் ‘ஸ்மால்கேப்’ என்ற சொல் ஒட்டியிருப்பதால், எந்தக் குறியீட்டின் ஃபண்டு என்பதை முழுப் பெயரோடு எழுதிவைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும். முதன்முறையாக இறங்குபவருக்கு 250 நிறுவனங்கள் கொண்ட பரந்த குறியீடே போதும் என்பது என் கருத்து; வடிகட்டிய குறியீடுகளின் பழைய சாதனைக் கணக்கில் பெரும்பகுதி, அந்தக் குறியீடு பிறப்பதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்த கணக்கு.

நிஃப்டி 500 குறியீட்டு ஃபண்டு ஏற்கெனவே வைத்திருப்பவர், தம்மிடம் இந்த 250 நிறுவனங்களும் சிறிய அளவில் இருப்பதை மறந்துவிடக் கூடாது. தனியாக ஒரு சிறு நிறுவன ஃபண்டு வாங்குவது என்பது அந்த அளவை வேண்டுமென்றே கூட்டுவதாகும்.

வெளியே தெரியும் கட்டணம்

ஃபண்டு நிறுவனம் தன் வேலைக்காக ஆண்டுக்கு எடுத்துக்கொள்வது செலவு விகிதம். அது தனி ரசீதாக வராது. தினமும் சிறிது சிறிதாக, ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பான என்.ஏ.வி.யிலிருந்தே கழிந்துவிடும். இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு 1 சதவீதம் என்று நெடுங்காலம் இருந்த உச்சவரம்பைக் குறைக்க 2025 டிசம்பரில் செபி முடிவெடுத்தது. ஆனால் வரம்புக்குள்ளேயே ஃபண்டுக்கு ஃபண்டு நிறைய வேறுபாடு உண்டு. ஒரே ஃபண்டிலும் டைரக்ட், ரெகுலர் என இரண்டு வழிகள் உள்ளன. 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டுகளிலும் கிடைக்கும் டைரக்ட் வழியில் முகவருக்குக் கமிஷன் கிடையாது. ரெகுலர் வழியில் அந்தக் கமிஷன் நீங்கள் ஃபண்டில் இருக்கும் வரை ஆண்டுதோறும் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வேறுபாடு பார்வைக்குச் சிறியது. ஒரு லட்ச ரூபாயை 20 ஆண்டுகளுக்குப் போடுவதாகவும், கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்வதாகவும் கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 0.3 சதவீதம் கழிந்தால் கையில் வருவது சுமார் 9.14 லட்சம்; 1 சதவீதம் கழிந்தால் சுமார் 8.06 லட்சம். இடையிலுள்ள தொகை, முதலில் போட்ட ஒரு லட்சத்தைவிட அதிகம். மேலாளர் எந்தப் பங்கையும் தேர்ந்தெடுக்காத, குறியீட்டை அப்படியே நகலெடுக்கும் ஒரு ஃபண்டுக்கு இவ்வளவு கமிஷன் கொடுப்பதற்கு, முகவர் வேறு ஏதாவது உருப்படியான உதவி செய்திருக்க வேண்டும். சிலர் செய்கிறார்கள்: கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) திருத்தம், வாரிசு நியமனம், இறந்தவர் கணக்கை மாற்றித் தருவது என்று அலைகிறார்கள். அவர்களுக்குக் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள, மாதந்தோறும் மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பார்த்தால் போதும். ஃபண்டின் பெயரை அடுத்து ‘டைரக்ட்’ அல்லது ‘ரெகுலர்’ என்று இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு வரிகள்: 5,000 ரூபாய் தவணை என்றால் முதலீடாகச் சேர்ந்தது 4,999.75 என்றும், முத்திரைத் தீர்வை 0.25 என்றும் காட்டும். 2020 ஜூலையிலிருந்து வசூலிக்கப்படும் அந்த 0.005 சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. முகவருக்குப் போன கமிஷன் எவ்வளவு என்பது அரையாண்டுக்கு ஒருமுறை வரும் அறிக்கையில் ரூபாயாகவே இருக்கும். பலர் அந்தப் பக்கம் வரை போவதில்லை.

வெளியே தெரியாத செலவு

சிறு நிறுவனக் குறியீட்டு ஃபண்டில், விளம்பரத்தில் காட்டும் செலவு விகிதத்தைவிடக் குறியீட்டுக்கும் ஃபண்டுக்கும் இடையிலான வருவாய் வித்தியாசமே முக்கியமானது. குறியீடு காகிதத்தில் பங்கை மாற்றிக்கொள்கிறது. ஃபண்டு சந்தையில் போய் உண்மையாகவே வாங்கி விற்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், பட்டியல் மாறும்போது அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் எல்லா ஃபண்டுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே பங்கை வாங்கவும் விற்கவும் வருகின்றன. குறைவாகக் கைமாறும் பங்கில் இப்படிக் கூட்டமாக வந்தால் வாங்கும் விலை ஏறும், விற்கும் விலை இறங்கும். அந்த இழப்பும், பங்குப் பரிவர்த்தனை வரியும், எடுப்பவர்களுக்குக் கொடுக்க வைத்திருக்கும் ரொக்கத்தால் வரும் இழப்பும் செலவு விகிதத்தில் சேராமல் என்.ஏ.வி.யிலேயே மறைந்துவிடும்.

இதை அளக்க, ஃபண்டின் ஓராண்டு, மூன்றாண்டு வருவாயை அதே குறியீட்டின் டிவிடெண்டையும் சேர்த்த வருவாயோடு ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாகக் குறியீடு 14 சதவீதம் தந்து, ஃபண்டு 13.2 தந்து, செலவு விகிதம் 0.3 என்றால், மீதி 0.5 சதவீதம் இந்த மறைமுகச் செலவில் போயிருக்கிறது என்று கொள்ளலாம். குறைந்த செலவு விகிதத்தை விளம்பரப்படுத்தும் ஃபண்டு இந்த ஒப்பீட்டில் பின்தங்கியிருப்பதும் உண்டு. 2022-ல் செபி பிறப்பித்த சுற்றறிக்கைக்குப் பிறகு ஃபண்டு நிறுவனங்கள் இந்த வித்தியாசத்தைத் தங்கள் இணையதளத்தில் மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்க்காமல் ஃபண்டு தேர்ந்தெடுப்பது வீண். புதிதாக வரும் ஃபண்டுக்கு இந்த வரலாறே இருக்காது. “பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது, இப்போதே வாங்குங்கள்” என்பதில் பொருளில்லை. பத்து ரூபாய் யூனிட்டும் நாற்பது ரூபாய் யூனிட்டும் ஒரே குறியீட்டைப் பின்பற்றினால் ஒரே சதவீதம்தான் ஏறும், இறங்கும்.

பங்குச் சந்தையில் நேரடியாக வாங்கும் ஈடிஎஃப் வடிவத்தில் செலவு விகிதம் சில சமயம் இன்னும் குறைவாக இருக்கும். ஆனால் டீமேட் கணக்கின் ஆண்டுக் கட்டணம், தரகு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைச் சேர்த்தால், மாதம் 2,000 ரூபாய் போடுபவருக்கு அது மலிவு என்று சொல்ல முடியாது.

எடுக்கும்போது இரண்டு கழிவுகள். குறிப்பிட்ட நாள்களுக்குள் எடுத்தால் சில ஃபண்டுகள் வெளியேறும் கட்டணம் பிடிக்கின்றன. நாளும் விகிதமும் ஃபண்டுக்கு ஃபண்டு மாறும், திட்ட ஆவணத்தில் இருக்கும். அடுத்தது வரி. 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, ஓராண்டுக்குள் எடுத்தால் லாபத்தில் 20 சதவீதம். ஓராண்டுக்கு மேல் என்றால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். நீண்டகால லாபம் 2 லட்சம் என்றால் 75,000-க்கு மட்டும் வரி: செஸ் சேர்த்து 9,750 ரூபாய். எஸ்.ஐ.பி., அதாவது மாதத் தவணை முதலீடு, போடுபவர்கள் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டு தனித்தனியாக எண்ணப்படும் என்பது. வளைகுடாவில் இருப்பவர் கேஒய்சியை வெளிநாடு வாழ் இந்தியர் என மாற்றியிருக்க வேண்டும். அவர் எடுக்கும்போது ஃபண்டு நிறுவனமே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும், கூடுதலாகப் பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

தடைக்காலத்தில் திரும்பும் தவணை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. படகு உரிமையாளர், கூலிக்குப் போகும் மீனவர், ஐஸ் வியாபாரி, வலை பின்னுபவர் என்று பலர் வீட்டிலும் அந்த இரண்டு மாதமும் வருமானம் சுருங்கும். வங்கிக் கணக்கில் பணமில்லாத நாளில் எஸ்.ஐ.பி. தவணை வந்தால், ஃபண்டு நிறுவனம் அபராதம் கேட்பதில்லை, வங்கி கேட்கும். அது வங்கிக்கு வங்கி மாறும். 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய் தவணைக்கு அது 30 சதவீதம். 0.3 சதவீதக் கட்டணத்தில் ஒரு லட்ச ரூபாய்க்கு ஓராண்டு முழுவதும் கழிவதும் அதே 300 ரூபாய்தான். செலவு விகிதத்தில் 0.1 சதவீதம் மிச்சம்பிடிக்க ஐந்து ஃபண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர், மே மாதத்தில் ஒரே ஒரு தவணை திரும்பியதில் அதையெல்லாம் விட்டுவிடுகிறார். மூன்று மாதத் தவணைகள் தொடர்ந்து திரும்பினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாகிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பல ஃபண்டு நிறுவனங்கள் எஸ்.ஐ.பி.யைச் சில மாதங்கள் நிறுத்திவைக்க அனுமதிக்கின்றன. தவணை நாளுக்குச் சில நாள்கள் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பங்குனி முடிவதற்குள் அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. இன்னொன்று, எஸ்.ஐ.பி.யே இல்லாமல், வரவு வந்த மாதங்களில் மட்டும் கூடுதல் முதலீடாகப் போடுவது. மாதச் சம்பளக்காரர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் இரண்டாவது வழியைக் குறைத்துப் பேசும். கடல் வருமானத்தில் வாழும் வீட்டுக்கு அதுவே இயல்பாகப் பொருந்தும்.

எவ்வளவு இறங்கும்?

2008 ஜனவரியில் 14,000 புள்ளிகளைத் தாண்டிய பிஎஸ்இ ஸ்மால்கேப் குறியீடு 2009 மார்ச்சில் 3,000-க்குக் கீழே வந்தது. டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால், பழைய உச்சத்தை அது மீண்டும் தொட 2017 ஆயிற்று. நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு 2018 ஜனவரியில் 9,600 புள்ளிகளுக்கு அருகில் இருந்து, 2020 மார்ச்சில் 3,200 அளவுக்கு விழுந்து, 2021-ல் மீண்டது. அந்த இறக்கம் முழுவதையும் கொரோனாவின் தலையில் போடுவது தவறு. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டி 50 ஏற்றத்தில் முடிந்தபோது சிறு நிறுவனங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. செய்தியில் சந்தை உயர்வு என்று வாசிக்கும்போது உங்கள் கணக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் தேய்ந்துகொண்டிருப்பதைத் தாங்க முடியுமா என்பதுதான் இந்த ஃபண்டு வைக்கும் சோதனை. மூன்றில் இரண்டு பங்கு விழுந்த பணம் பழைய நிலைக்கு வர மும்மடங்காக வேண்டும் என்ற கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும். புதிய எஞ்சினுக்கென 3 லட்சத்தை 2018 தொடக்கத்தில் அந்தக் குறியீட்டில் போட்டு 2020 பங்குனியில் எடுக்க நேர்ந்தவருக்கு, சுமார் ஒரு லட்சம்தான் கிடைத்திருக்கும்.

தனி நிறுவனம் ஒன்று திவாலாகும் ஆபத்தை 250 நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. 0.3 சதவீதம் இடம் பிடித்த ஒரு பங்கு முழுதாக அழிந்தாலும் ஒரு லட்சத்தில் போவது 300 ரூபாய். ஆனால் எல்லாம் சேர்ந்து இறங்கும்போது எண்ணிக்கை காப்பாற்றாது. அந்த நாள்களில் பல சிறு பங்குகள், ஒரு நாளில் விலை இறங்க அனுமதியுள்ள வரம்பின் அடியில் போய் நின்றுவிடும்; விற்பவர் இருப்பார், வாங்குபவர் இருக்க மாட்டார். எல்லாப் படகும் ஒரே விடியலில் இறாலோடு கரை சேர்ந்து, ஏலம் கேட்க நாலு வியாபாரிகள் மட்டும் நின்றால் என்ன விலை போகும் என்பது பாம்பனில் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 மார்ச் முதல், மேலாளர் நடத்தும் சிறு நிறுவன ஃபண்டுகள் தங்கள் பங்குகளில் பாதியை விற்க எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கை வெளியிட்டு வருகின்றன. இண்டெக்ஸ் ஃபண்டு வாங்குபவரும் அந்த எண்களை ஒருமுறை பார்த்தால், இந்தச் சந்தை எவ்வளவு ஆழமற்றது என்பது புரியும்.

இந்தக் குறியீட்டின் அமைப்பிலேயே இன்னொரு சங்கடம் இருக்கிறது. நன்றாக வளர்ந்த நிறுவனம் நடுத்தரப் பட்டியலுக்கு ஏறிப் போய்விடுகிறது. ஃபண்டு அதை விற்றாக வேண்டும். அங்கிருந்து சரிந்து வந்த நிறுவனத்தை வாங்கியாக வேண்டும். லாபம் ஈட்டுகிறதா, கடன் எவ்வளவு என்று பரந்த குறியீடு கேட்பதில்லை. மேலாளர் நடத்தும் ஃபண்டுகள் இதைத் தவிர்க்க முடியும், அவற்றில் சில குறியீட்டை முந்தியும் இருக்கின்றன. ஆனால் முந்தப்போவது எது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும், கட்டணமும் கூடும்.

நிஃப்டி ஸ்மால்கேப் 250-ல் நிதிச் சேவை நிறுவனங்களுக்குப் பெரிய இடம் உண்டு. மார்க்கக் காரணத்தால் வட்டி வருவாயைத் தவிர்க்கும் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வாசகர்கள் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். ஃபண்டுக்குள் இருக்கும் ஒரு நிறுவனத்தை மட்டும் வேண்டாம் என்று விலக்க வழியில்லை.

செய்ய வேண்டியவை

முதலில் தடைக்கால வீட்டுச் செலவு, படகு மராமத்து, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, அந்தத் தொகையை வங்கியிலோ, குறுகியகாலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்டிலோ ஒதுக்க வேண்டும். நகைக்கடன் இருந்தால் அதை அடைப்பதே முதல் முதலீடு. பிறகு, ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தொட வேண்டியிராத பணத்தில் ஒரு பகுதியை மட்டும் இதற்கென வைக்கலாம். பங்கு சார்ந்த மொத்தச் சேமிப்பில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் இந்தக் கடலோர வீடுகளுக்குத் தேவையில்லை என்பேன். மீதி பெரிய நிறுவனங்களின் குறியீட்டில் இருக்கட்டும்.

குறியீட்டை முடிவுசெய்த பின், அதைப் பின்பற்றும் ஃபண்டுகளின் செலவு விகிதம், மூன்றாண்டு வித்தியாசம், வெளியேறும் கட்டணம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். ஃபண்டு நிறுவனத்தின் தளத்திலேயே டைரக்ட், குரோத் (லாபத்தை வெளியே தராமல் ஃபண்டிலேயே வளரவிடும் வகை) ஆகியவற்றைத் தேர்ந்து தொடங்கி, வாரிசு நியமனத்தையும் அதே நாளில் முடித்துவிடலாம். ஏற்கெனவே ரெகுலரில் இருப்பவர் டைரக்டுக்கு மாற்றினால் அது விற்று வாங்கியதாகவே வரிக் கணக்கில் வரும். எனவே ஓராண்டு நிறைந்த யூனிட்டுகளை, ஆண்டு லாபம் 1.25 லட்சத்துக்குள் அடங்குமாறு சிறிது சிறிதாக மாற்றுவது நல்லது. வாட்ஸ்அப்பில் ‘ஸ்மால்கேப்’ என்று சொல்லித் தனிப் பங்குகளைத் தள்ளிவிடும் குழுக்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பணம் தேவைப்படும் ஆண்டு தெரிந்தால், அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே மாதாமாதம் ஒரு பகுதியை லிக்விட் ஃபண்டுக்கு நகர்த்தத் தொடங்க வேண்டும். வேலை நாளில் மாலை 3 மணிக்கு முன் எடுக்கும் விண்ணப்பம் கொடுத்தால் அன்றைய என்.ஏ.வி. கிடைக்கும், பணம் வங்கிக்கு வர இரண்டு மூன்று வேலை நாள்கள் ஆகும். ஜூன் 14 நள்ளிரவு கடலுக்கு இறங்க வேண்டிய படகுக்கு டீசலும் ஐஸும் இந்தப் பணத்திலிருந்துதான் என்றால், இடையில் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்து எண்ணி, ஜூன் முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும்.